கிறிஸ்துமஸ் வாரத்தில் இரண்டு முறை: ஸ்டுட்கார்ட்டின் மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகம்

கணவனும் மனைவியுமாக இந்த அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மேல் தளத்தில் லிஃப்டை விட்டு இறங்கியதும் ஆளுக்கொரு வழியாகப் பிரிந்துவிடுங்கள். அந்தக் கட்டடமே அப்படி நடப்பதற்கு ஏற்றபடிதான் கட்டப்பட்டிருக்கிறது. முதல் முறை போனபோது எங்களுக்கு இது புரியவில்லை. அதனால் ஒரே வாரத்தில் இரண்டு முறை டிக்கெட் வாங்கினோம். இரண்டாவது டிக்கெட்டுக்காக நான் கொஞ்சமும் வருந்தவில்லை.

என் கணவருக்குப் பந்தயக் கார்கள் என்றால் உயிர். சின்ன வயதில் பழைய பத்திரிகைகளில் வந்த கார் படங்களை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்தவர். எனக்கு லாரி. என் அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டினார். அவர் முதலில் ஓட்டியது மூக்கு நீண்ட பழைய டாட்டா பென்ஸ். முகப்பில் வட்டத்துக்குள் மூன்று முனை நட்சத்திரம் இருக்கும். 1954-ல் டாட்டாவும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் கூட்டுச் சேர்ந்து இந்தியாவில் லாரி கட்ட ஆரம்பித்தன. அந்தக் கூட்டு 1969 வரை இருந்தது. அது முடிந்து, நட்சத்திரம் போய், வேறு முத்திரை வந்த பிறகும் அப்பாவுக்கு அது 'பென்ஸ் வண்டி'தான். பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பே அந்தக் கேபினில் அவர் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தவள் நான். தகரம் சூடேறும் வாசனையும் டீசல் வாசனையும் தார்ப்பாய் வாசனையும் கலந்து வருமே, அது எனக்கு இன்றைக்கும் வீட்டு வாசனை.

ஆகவே கடந்த டிசம்பரில் விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பேச்சு வந்தபோது இரண்டு பேருமே ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் என்றோம். கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பார்க்கலாம், நடுவில் ஒரு நாள் அருங்காட்சியகம் என்பது திட்டம். கடைசியில் அருங்காட்சியகத்தைச் சுற்றித்தான் மற்ற நாட்களே அமைந்தன.

முதல் நாள் எஸ்லிங்கன் போனோம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து எஸ்-1 புறநகர் ரயில். அதே தடத்தில்தான் அருங்காட்சியகத்துக்கு இறங்க வேண்டிய நெக்கர்பார்க் நிலையமும் வருகிறது. அந்தச் சாம்பல் வெள்ளிக் கட்டடத்தைத் தேடி என் கணவர் ஜன்னலில் ஒட்டிக்கொண்டே வந்தார். எஸ்லிங்கனில் மரச்சட்டம் தெரியக் கட்டிய பழைய வீடுகளுக்கு நடுவே இடைக்காலச் சந்தை போட்டிருந்தார்கள். கடைக்காரர்கள் அந்தக் காலத்து உடையில் நிற்கிறார்கள். உலைக்களத்தில் ஒருவர் இரும்பைக் காய்ச்சி அடித்துக்கொண்டிருந்தார். கூட்டம் மற்ற கடைகளுக்கு நகர்ந்த பிறகும் நாங்கள் அங்கேயே நின்றோம், குளிருக்கு அந்த நெருப்பு இதமாக இருந்தது என்பதும் ஒரு காரணம். ஒரு கடையில் விளிம்பு உடைந்த குவளையில் சூடான பழரசம் கொடுத்தார்கள். மாற்றித் தரக் கேட்டால் அந்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. குவளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும்போது பணத்தைத் தருவதுதான் இங்கே வழக்கம். உடைந்ததை வாங்கிக்கொண்டு அப்புறம் வாதாட வேண்டாம், வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள், டிசம்பர் 22, அருங்காட்சியகம்.

முதலில் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த யூஎன்ஸ்டுடியோ வடிவமைத்து 2006 மே மாதம் திறக்கப்பட்டது. உயரம் 47.5 மீட்டர், ஒன்பது தளங்கள், 16,500 சதுர மீட்டர் காட்சிப் பரப்பு, 160 வண்டிகள். இந்தக் கணக்குகளைவிட முக்கியமானது உள்ளே இருக்கும் பாதை. மரபணுவுக்குப் படம் போடுவார்களே, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு இறங்கும் இரண்டு இழைகள், அதே அமைப்பு. ஒரு பாதை காலவரிசைப்படி இறங்குகிறது. 1886-ல் தொடங்கி ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு கூடம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மித்தோஸ். மற்றொரு பாதை பயன்பாட்டுப்படி: பயணிகளை ஏற்றியவை, சரக்கு சுமந்தவை, உதவிக்கு ஓடியவை, பெயர் பெற்றவர்களுடையவை. இரண்டு பாதைகளும் அடிக்கடி ஒன்றையொன்று சந்திக்கின்றன. எந்தத் தளத்திலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம்.

டிக்கெட் வாங்கியதும் காதில் மாட்டும் ஒலி வழிகாட்டி தருகிறார்கள். பல மொழிகளில் இருக்கிறது, தமிழ் இல்லை. நடுக்கூடம் தரையிலிருந்து கூரைவரை ஒரே வெட்டவெளி. அதன் கான்கிரீட் சுவரில் மூன்று லிஃப்டுகள் ஏறி இறங்குகின்றன. கண் உயரத்தில் நீளமான ஒரு கீறல் போல ஜன்னல். ஏறும்போதே அதன் வழியாக எதிர்ச் சுவரில் பழைய படங்கள் ஓடுகின்றன. கீழே 2006, மேலே போகப் போகக் காலம் பின்னால் போகிறது. கதவு திறக்கும் நேரத்தில் குதிரைக் குளம்பொலி கேட்கிறது. இறங்கினால் எதிரே நிற்பது காரல்ல, ஒரு வெள்ளைக் குதிரை. குதிரையைத்தான் நம்புகிறேன், மோட்டார் வண்டி வந்து போகிற ஒன்று என்று ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் சொன்னதாகச் சொல்லப்படும் வாசகம் பக்கத்தில் இருக்கிறது. கார் அருங்காட்சியகத்தைக் குதிரையில் தொடங்கியவருக்குக் கதை சொல்லத் தெரிந்திருக்கிறது. அப்பாவின் அப்பா மாட்டுவண்டி ஓட்டியவர் என்பது அந்த இடத்தில் எனக்கு நினைவு வந்தது.

அடுத்து, வட்டமான கூடத்தில் இரண்டு வண்டிகள். ஒன்று கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டி. 1886 ஜனவரி 29-ல் பதிவான காப்புரிமை, எண் 37435. மற்றொன்று அதே வருஷம் காட்லீப் டைம்லர் குதிரை வண்டியில் இன்ஜின் பொருத்திச் செய்த நான்கு சக்கர வண்டி. பென்ஸ் வண்டியின் பின்பக்கம் போய் நில்லுங்கள். இன்ஜினுக்கு மேல் மூடி எதுவும் இல்லை, எல்லாமே கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே சிலிண்டர், 954 சிசி, முக்கால் குதிரைசக்தி. ஃப்ளைவீல் எனப்படும் பெரிய சுழல் சக்கரம் ஒன்று தட்டை மூடி வைத்தாற்போலப் படுத்துக் கிடக்கிறது. அதைக் கையால் சுழற்றித்தான் இன்ஜினைக் கிளப்ப வேண்டும். சைக்கிள் கம்பிகள் போட்ட சக்கரங்கள், சக்கரத்துக்குச் சங்கிலி, திருப்புவதற்கு ஸ்டியரிங் வட்டம் இல்லை, ஒரு சின்னக் கைப்பிடி. வேகம் மணிக்குப் பதினாறு கிலோமீட்டர். ஒரு சைக்கிளை எடுத்து அதன் மேல் ஒரு தொழிற்சாலையை ஏற்றிவைத்தது போல இருக்கிறது. அதன் முன் நாங்கள் இருவரும் அரை மணி நேரம் பேசாமல் நின்றோம்.

பெர்த்தா பென்ஸ் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் அந்த வண்டியைக் கண்ணால் பார்த்துவிட்டு நினைத்தால்தான் அவர் செய்தது எவ்வளவு பெரியது என்று உறைக்கிறது. திருமணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைக் கொடுத்து பென்ஸின் பட்டறையைக் காப்பாற்றியவர் அவர். வண்டி தயாரான பின்பும் வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில் ஒரு காலை, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து தன் அம்மா வீடு இருக்கும் ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக்கில் மருந்துக் கடையில் லிக்ரோயின் என்ற பெட்ரோலியக் கரைப்பானை வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டையைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் வழியில் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்து வாங்கினார். மேடு வந்த இடத்தில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். அதனால்தான் மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்ற யோசனையே வந்தது. வழியில் வண்டி நின்றால் கையில் இருப்பதை வைத்து ஓட வைக்கிற இந்தப் புத்தி எனக்குப் பழக்கமானது. விசிறிப் பெல்ட் அறுந்த இரவில் கயிறு முறுக்கிக் கட்டி ஊர் வந்து சேர்ந்ததை அப்பா எத்தனை முறை சொல்லியிருப்பார். உலகத்தின் முதல் நெடும்பயண ஓட்டுநர் பெர்த்தா. அவரே மெக்கானிக், அவரே கிளீனர்.

முதல் நாள் இந்தக் கூடத்தில் தொடங்கி மித்தோஸ் பாதையில் மட்டுமே இருவரும் சேர்ந்து இறங்கினோம். கூடங்களுக்கு நடுவே சரிவுப் பாதை. அதன் சுவரில் அந்தந்தக் காலத்து உலகச் சம்பவங்களின் புகைப்படங்கள் வரிசையாக இருக்கின்றன. வண்டியைப் பார்த்துவிட்டு, அது ஓடிய உலகத்தையும் பார்த்துக்கொண்டே அடுத்த தளத்துக்கு இறங்குகிறோம். சக்கர நாற்காலியில் வந்த பெரியவர் ஒருவரை அவர் மகள் எந்தச் சிரமமும் இல்லாமல் தள்ளிக்கொண்டு வந்தார்.

இரண்டாவது கூடத்தில் மெர்சிடிஸ் என்ற பெயரின் கதை. எமில் யெலினெக் என்ற வியாபாரி டைம்லர் நிறுவனத்திடம் புது மாதிரியான, தாழ்வான, வேகமான வண்டி கேட்டு, அதற்குத் தன் மகளின் பெயரை வைக்கச் சொன்னார். அந்தச் சிறுமிக்கு அப்போது பத்து வயது. வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த அந்த 35 குதிரைசக்தி வண்டிகளில் முதலாவது யெலினெக்குக்குக் கொடுக்கப்பட்டது 1900 டிசம்பர் 22-ல். நாங்கள் அங்கே நின்றதும் டிசம்பர் 22. என் கணவர் போனில் தேதியை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். அந்த வண்டிக்கு மேபாக் செய்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள். அதற்கு அடுத்து வந்த சிம்ப்ளெக்ஸ், 1902-ல் செய்தது, இந்தக் கூடத்தில் நிற்கிறது. மெர்சிடிஸ் பெயர் தாங்கியவற்றில் மிஞ்சியிருப்பவற்றிலேயே பழையது அதுதான். ரேடியேட்டருக்கு ஒரு முழம் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தேன். சின்னச் சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றும் கையால் வைத்துப் பற்றவைத்தது. வரிசை ஒன்றுகூடக் கோணவில்லை.

மூன்றாவது கூடம் 1914 முதல் 1945 வரை. 1936-ல் வந்த 260 டி, விற்பனைக்கென்று வரிசையாகக் கட்டிய முதல் டீசல் கார்களில் ஒன்று, அந்தக் காலத்தைச் சேர்ந்தது. டீசலில் வளர்ந்தவள் என்பதால் எனக்கு அது முக்கியம். ஆனால் இந்தக் கூடத்தில் கார்களை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட முடியாது. 1944-ல் டைம்லர் பென்ஸில் வேலை பார்த்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்டவர்கள், போர்க் கைதிகள், வதைமுகாம் கைதிகள். பளபளக்கும் வண்டிகளுக்கு நடுவில் நின்று அதை நினைத்தபோது நெஞ்சு கனத்தது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

அடுத்தது மனசை லேசாக்குகிற கூடம். 1954-ன் 300 எஸ்எல், கதவுகள் இறக்கை போல மேலே திறப்பது. அழகுக்காக அப்படி வைத்ததாகத்தான் நான் நினைத்திருந்தேன். எடை குறைய வேண்டும் என்று மெல்லிய குழாய்களால் சட்டம் கட்டினார்கள். அந்தச் சட்டம் பக்கவாட்டில் உயரமாக வந்துவிட்டதால் சாதாரணக் கதவுக்கு இடமில்லை, மேலே திறக்க வேண்டியதாயிற்று. என் கணவர் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் அந்த நோட்டுப் புத்தகப் பையன் இருந்தான்.

ஐந்தாவது கூடத்துக்கு வரும்போது என் கால் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. பேலா பாரென்யி என்ற பொறியாளரின் வேலை இந்தக் காலத்தைச் சேர்ந்தது. விபத்தில் வண்டி முழுக்க இறுக்கமாக நிற்கக் கூடாது, முன்னும் பின்னும் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், நடுவில் ஆள் இருக்கும் கூண்டு மட்டும் உறுதியாக நிற்க வேண்டும் என்பது அவர் கண்டது. 1951-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959-ல் அது வண்டியாக ரோட்டுக்கு வந்தது. இன்றைக்கு ஓடும் எல்லாக் கார்களிலும் இருக்கிறது. ஆறாவது கூடத்தை வேகமாகக் கடந்தோம்.

கடைசிக் கூடம் பந்தயம். ஓடுபாதையின் சாய்ந்த வளைவையே உள்ளே கட்டிவைத்து, அதன் மேல் வெள்ளி அம்புகள் எனப்படும் பந்தயக் கார்களை ஓடும் நிலையிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். எதிரே உட்கார்ந்து பார்க்கப் படிகள். 1938 ஜனவரி 28-ல் ருடால்ஃப் கராச்சியோலா ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் டார்ம்ஷ்டாட்டுக்கும் இடையே பொதுச் சாலையில் மணிக்கு 432.7 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிய சாதனை வண்டியும் இருக்கிறது. சக்கரம்கூட வெளியே தெரியாது, மீன் மாதிரி ஒரே தகடு. அதே நாளில் போட்டி நிறுவனத்துக்காக அந்தச் சாதனையை முறியடிக்க முயன்ற பெர்ண்ட் ரோஸ்மேயர் அதே சாலையில் இறந்தார். 722 என்று எண் போட்ட 300 எஸ்எல்ஆரைத் தேடித்தான் என் கணவர் இவ்வளவு தூரம் வந்ததே. 1955 மில்லே மில்யா பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸ் காலை 7:22-க்குக் கிளம்பியதால்தான் அந்த எண். இத்தாலியின் சாலைகளில் ஆயிரம் மைலைப் பத்து மணி ஏழு நிமிடத்தில் முடித்தார். பக்கத்தில் உட்கார்ந்த டெனிஸ் ஜென்கின்சன், வளைவுகளையெல்லாம் குறித்த நீளமான சுருளை உருட்டிக்கொண்டே கையால் சைகை காட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சத்தத்தில் பேசினால் கேட்காது.

இங்கேதான் எங்களுக்குள் பிரச்சினை. அவர் படியில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க மனம் இல்லை. எனக்கோ லாரி ஒன்றைக்கூடப் பார்க்கவில்லையே என்ற தவிப்பு. மணி ஐந்தைத் தாண்டிவிட்டது, ஆறு மணிக்கு மூடுகிறார்கள்.

"ஏங்க, லாரி எல்லாம் அந்தப் பக்கம் இருக்காம். போய்ட்டு வரலாமா?"

"இரும்மா, இன்னும் அஞ்சு நிமிஷம்."

அந்த ஐந்து நிமிஷம் இருபது நிமிஷமாயிற்று. வெளியே வந்து நிலையம் வரை நான் எதுவும் பேசவில்லை. ரயிலில் அவரே சொன்னார், "தப்பு என்னோடதுதான். திரும்ப வரலாம். இந்தத் தடவை நீ உன் வழி, நான் என் வழி." அங்கேதான் எனக்கு அந்தக் கட்டடத்தின் இரட்டை இழை புரிந்தது.

23-ஆம் தேதி ஸ்டுட்கார்ட் சந்தையின் கடைசி நாள். 1692-லேயே ஆவணத்தில் பதிவான சந்தை இது. பழைய கோட்டையைச் சுற்றியும் ஷில்லர் சதுக்கத்திலும் சந்தைச் சதுக்கத்திலும் பரவிக் கிடக்கிறது. இங்கே பார்க்க வேண்டியது கடைகளின் கூரை. ஒவ்வொரு கடைக்காரரும் கூரை மேல் தேவதூதர், கலைமான், பொம்மை, பச்சைக் கிளை என்று ஒரு காட்சியையே அமைத்திருக்கிறார். நகர மன்றத்தின் ஜன்னல்களில் ஒன்று முதல் இருபத்துநான்கு வரை எண்கள். கட்டடமே கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணும் அட்டை. எங்கே திரும்பினாலும் நட்சத்திரம், வைக்கோலில், காகிதத்தில், கண்ணாடியில். வறுத்த பாதாமைக் கொறித்துக்கொண்டு நடந்தோம். எனக்கு மூன்று முனை நட்சத்திரம்தான் மனசில். டைம்லர் ஒரு அஞ்சலட்டையில் தாங்கள் இருந்த வீட்டின் மேல் நட்சத்திரம் வரைந்து மனைவிக்கு அனுப்பினார் என்றும், அப்பா இறந்த பிறகு மகன்கள் அதை நினைவில் வைத்திருந்து நிறுவனத்திடம் சொன்னார்கள் என்றும் சொல்வார்கள். 1909-ல் அது முத்திரையாகப் பதிவானது. நிலம், நீர், ஆகாயம் மூன்றிலும் ஓடும் இன்ஜின் என்று பொருள்.

24-ஆம் தேதி ஒரு நாள் வீணாகியிருக்க வேண்டியது. அருங்காட்சியகம் திறந்திருக்கும் என்று நாங்கள் தங்கிய விடுதியின் வரவேற்பில் உறுதியாகச் சொன்னார்கள். நம்பிப் போனோம், மூடியிருந்தது. டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1 ஆகிய நாட்களில் விடுமுறை. திங்கட்கிழமையும் கிடையாது. மற்ற நாட்களில் காலை ஒன்பதிலிருந்து. கிறிஸ்துமஸ் நேரத்தில் போகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைகளும் அன்று மதியத்தோடு மூடிவிடுகின்றன.

திரும்பிப் போக மனமில்லாமல் பாட் கான்ஷ்டாட்டின் பூங்காவுக்கு நடந்தோம். அங்கேதான் டைம்லர் 1882-ல் வீடு வாங்கி, தோட்டத்துக் கண்ணாடிக் குடிலைப் பட்டறையாக மாற்றி மேபாக்கோடு வேலை செய்தார். இராப்பகலாக உள்ளே சத்தம், யாரையும் விடுவதில்லை. தோட்டக்காரர் சந்தேகப்பட்டு, கள்ள நாணயம் அடிக்கிறார்கள் என்று போலீசுக்குச் சொல்லிவிட்டார். போலீஸ் உள்ளே நுழைந்து பார்த்தால் இன்ஜின். 1885-ல் இங்கே பிறந்த இன்ஜினைத்தான் மரச் சட்டத்தில் பொருத்தி இரண்டு சக்கர வண்டி செய்தார்கள். தூறலில் வெளியே நின்று பார்த்தோம். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவருக்கு இடம் யோசிக்க வேண்டிய அளவு. அருங்காட்சியகத்தின் பிரம்மாண்டத்தைப் பார்த்துவிட்டு வந்ததால் அந்தச் சின்ன இடம் என்னை அதிகமாகத் தொட்டது. பூங்காவில் எங்களைத் தவிர யாரும் இல்லை. என் கணவர் தன் கையுறையில் ஒன்றைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஆளுக்கொரு கையுறை, மற்ற கைகள் ஒரே கோட்டுப் பையில். இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த மதியம் அதுதான்.

26-ஆம் தேதி ஒன்பது மணிக்கே வாசலில் நின்றோம். மேலே குதிரை வரை ஒன்றாகப் போனோம். அவர் மித்தோஸ் பாதையில் திரும்பினார், நான் மற்றதில்.

இரண்டு பாதைகளுக்கும் வெளிச்சமே வேறு. மித்தோஸ் கூடங்கள் இருட்டாக, மேடை விளக்கு போட்டாற்போல இருக்கும். வண்டிகளைத் தங்கம் போலக் காட்டுவார்கள். நான் போன பக்கம் பெரிய பெரிய ஜன்னல்கள், பகல் வெளிச்சம். வெளியே நெக்கர் பள்ளத்தாக்கும் ரயில் தடமும் நெடுஞ்சாலையில் ஓடும் நிஜ லாரிகளும் தெரிகின்றன. உழைத்த வண்டிகளை வெயிலில் நிறுத்தியது எனக்குச் சரியாகப் பட்டது. பேருந்துகளில் புவனஸ் அயர்ஸ் நகரத்தில் ஓடிய அர்ஜென்டினா பேருந்து ஒன்று, உடம்பு முழுக்கப் பூவும் சுருளுமாக வண்ணம் தீட்டி. நம் லாரிகளின் பின்பலகையில் எழுதிப் படம் போடுகிறவர்கள் பார்த்தால் சொந்தக்காரன் என்று கட்டிக்கொள்வார்கள். பக்கத்தில் 1974 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனி அணி போன பேருந்து. தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் இருக்கும் கூடத்தில் ஒரு சின்னப் பையன் அம்மா கூப்பிட்டும் நகரவே மாட்டேன் என்று தீயணைப்பு வண்டியின் முன் உட்கார்ந்துவிட்டான். பெயர் பெற்றவர்களின் கூடத்தில் இளவரசி டயானாவின் சிவப்பு எஸ்எல் கார், போப் இரண்டாம் ஜான் பால் நின்றபடி கையசைத்த 1980-ன் கண்ணாடிக் கூண்டு வைத்த ஜி வண்டி. நான் அங்கே அதிகம் நிற்கவில்லை.

ஒவ்வொரு தளத்திலும் பாதைகள் சந்திக்கும் இடத்தில் இருவரும் வந்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அவர் இருட்டிலிருந்து வருவார், நான் வெளிச்சத்திலிருந்து. ஆளுக்கு இரண்டு நிமிஷம், பார்த்ததில் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் நாள் சேர்ந்து நடந்த நேரத்தைவிட இந்த இரண்டு நிமிஷங்களில் அதிகம் பேசினோம். மறுநாள் அவருக்காகப் போர்ஷே அருங்காட்சியகத்துக்கும் போனோம். வெள்ளையாக, விசாலமாக, மூன்று தூண்கள் மேல் நிற்கும் அழகான கட்டடம், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அங்கே பிரிய வேண்டிய தேவையே இருக்கவில்லை. கார்ப் பிரியர்களுக்கு அது போதும். எனக்கு மறுபடியும் இங்கேதான் வர வேண்டும் போல இருந்தது.

சரக்கு வண்டிகளின் கூடத்தை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். உலகின் முதல் மோட்டார் லாரியை டைம்லர் 1896-ல் கட்டினார். அந்த வம்சம் வரிசையாக நிற்கிறது. நடுவில் மூக்கு நீண்ட ஒன்று. உருண்ட பானெட், இரண்டு பக்கமும் தோள் தூக்கினாற்போல மட்கார்டு, நடுவில் நட்சத்திரம். அப்பாவின் வண்டியே அல்ல, பெரியப்பா வண்டி என்று சொல்லலாம். அந்த ஜாடை. கால் தானாக நின்றுவிட்டது. போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டேன், படம் தெரியும்படி.

கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "முன்னாடி போ," என்றார். போனேன். "சைடுல வா." வந்தேன். நட்சத்திரத்தைப் பற்றியோ பெயிண்டைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

"அம்மா, கீழ குனி. கமான் தெரியுதா பாரு. எத்தனை பட்டை போட்டிருக்கான்னு எண்ணிச் சொல்லு."

கமான் என்றால் வண்டியின் பாரத்தைத் தாங்க அச்சோடு சேர்த்து அடுக்கியிருக்கும் வளைந்த இரும்புப் பட்டைகள்.

அதற்குள் என் கணவர் சந்திப்பு இடத்தில் என்னைக் காணாமல் தேடிக்கொண்டு வந்துவிட்டார். என்ன என்று கேட்கவில்லை. தன் போனில் விளக்கைப் போட்டு அச்சுக்கு அடியில் காட்டினார். நான் தரையில் மண்டி போட்டு எண்ண ஆரம்பித்தேன்.